மீட்டர் நோட்டு

தபால்தலை சேர்ப்பவர்களை எல்லோருக்கும் தெரியும். தீப்பெட்டிப் படம், பழைய காசு சேர்ப்பவர்களும் உண்டு. எங்கள் தெருவில் ஒரு பெரியவர் தமக்கு வந்த கல்யாணப் பத்திரிகைகளை எல்லாம் வருஷவாரியாகக் கட்டிப் பரண்மேல் வைத்திருக்கிறார். அவரைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள். என் பொழுதுபோக்கு, தினமும் காலை ஆறு மணிக்கு வீட்டு மின்சார மீட்டரைப் பார்த்து அந்த எண்ணை நோட்டில் எழுதி வைப்பது.

1988இல் சித்தூரில் வீட்டுக்கு முதல் ஃபிரிட்ஜ் வாங்கினோம். "இது எவ்வளவு கரண்டு தின்னும்?" என்று என் மனைவி கேட்டார். கடைக்காரருக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. பத்து நாள் எழுதிப் பார்த்துப் பதில் சொல்லலாம் என்று ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். பதில் கிடைத்தது, நோட்டு மட்டும் நிற்கவில்லை. அப்போதைய மீட்டரில் ஓர் அலுமினியத் தட்டு சுற்றும், அதன் விளிம்பில் ஒரு அடையாளம் இருக்கும். அது எத்தனை முறை வந்து போகிறது என்று எண்ணிக்கொண்டு நான் நின்ற கோலத்தைப் பார்த்து, புதிதாக வந்த மருமகள் பயந்தே போனாள். இப்போது தட்டு போய் சிவப்பு விளக்கு மினுக்குகிறது. நோட்டுகள் இருபதைத் தாண்டிவிட்டன.

இந்தப் பழக்கத்தில் ஒரு தொல்லை உண்டு. எந்த வீட்டுக்குப் போனாலும் கண் மீட்டர் பலகையைத் தேடும். என் மைத்துனருக்குச் சித்தூருக்கும் பாகாலாவுக்கும் இடையில் நான்கு ஏக்கர் நிலம். (ஊர்ப்பெயரை எழுதக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார். காரணம் பின்னால் வரும்.) பாதியில் கிளிமூக்கு மாமரம், மீதியில் கரும்பும் வேர்க்கடலையும் மாறி மாறி. சில வருஷங்களுக்கு முன் அவருடைய பம்ப்செட் அறைக்குள் நுழைந்து நான் சுவரைத் தடவிக்கொண்டிருந்தேன்.

"இன்னா மாமா தேடுறீங்க?"

"மீட்டர் எங்கேப்பா?"

அவர் சிரித்த சிரிப்பில் வரப்பில் மேய்ந்த கொக்கு பறந்துவிட்டது. ஸ்டார்ட்டர் இருந்தது, ஃபியூஸ் கட்டை இருந்தது. மீட்டர் இல்லை.

இல்லாமல் போன கதை நீளமானது. 1980களின் தொடக்கத்தில் ஆந்திரத்தில், மோட்டாரின் குதிரைத் திறனுக்கு வருஷத்துக்கு இத்தனை ரூபாய் என்று கட்டும் முறை வந்தது. எவ்வளவு ஓடினாலும் அதே பணம் என்றால் மீட்டர் எதற்கு? பிறகு சீர்திருத்தக் காலம். 1998இல் சட்டம் வந்து, மறு வருஷம் மின்வாரியம் பிரிக்கப்பட்டது. 2000இல் கட்டண உயர்வை எதிர்த்துப் போராட்டம் மூண்டது. ஆகஸ்டு 28ஆம் தேதி ஹைதராபாத் பஷீர்பாக்கில் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. 2004 மே 14ஆம் தேதி முதல்வராகப் பதவியேற்ற ராஜசேகர ரெட்டி முதல் கையெழுத்தே விவசாயிகளுக்கான இலவச மின்சாரத்துக்குப் போட்டார். தமிழ்நாட்டிலும் இதே பாதைதான். 1970இல் கோவைப் பக்கத்து விவசாயிகள் யூனிட்டுக்கு ஒரு பைசா குறைக்கச் சொல்லிக் குண்டடி பட்டார்கள். 1984இல் சிறு விவசாயிகளுக்கும், 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமாயிற்று.

இலவசத்தை நான் குறை சொல்ல வரவில்லை. எங்கள் ஜில்லாவில் வருஷம் முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. நீவா நதியில் தண்ணீரைப் பார்ப்பது உறவினரைப் பார்ப்பது போல, நல்லது கெட்டதுக்குத்தான். டெல்டாக்காரனுக்கு அரசாங்கம் அணையும் கால்வாயும் கட்டித் தந்தது. எங்கள் விவசாயிக்கு அந்தக் கால்வாய் பூமிக்குள் இருக்கிறது, அதை மேலே தூக்குவது மின்சாரம். அவனுக்குத் தருவதைப் பிச்சை என்று நகரத்து நண்பர்கள் பேசும்போது எனக்குக் கோபம் வரும்.

ஆனால் அளக்காமல் தருவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. 600 அடி ஆழத்திலிருந்து 1,000 லிட்டர் தண்ணீரைத் தூக்க, துளி நஷ்டம் இல்லாவிட்டாலும் அரை யூனிட் வேண்டும். என் மாமனார் காலத்து ஐம்பதடிக் கிணற்றுக்கு அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு போதும். ஒவ்வொரு வருஷமும் தண்ணீர் கீழே போகப் போக அதே கரும்புக்கு மேலும் மேலும் மின்சாரம் போகிறது. பில் இருந்தால் அது கண்ணில் பட்டிருக்கும். இப்போது போர் வற்றி, காற்று வந்த பிறகுதான் தெரிகிறது. என் மைத்துனர் நான்கு போர் போட்டார், இரண்டு காய்ந்தன. அந்தக் கடன் எந்த இலவசக் கணக்கிலும் வராது.

இன்னொன்றும் உண்டு. மீட்டர் இல்லாத இடத்தில் விவசாயம் இவ்வளவு தின்றது என்று யாரோ மேஜையில் உட்கார்ந்து மதிப்புப் போடுகிறார்கள். கம்பியில் வீணானதும் கொக்கி போட்டுத் திருடியதும் அந்த மதிப்புக்குள் சௌகரியமாக ஒளிந்துகொள்ளலாம். 1990களின் கடைசியில் சீர்திருத்தம் தொடங்கிய பல மாநிலங்களில் கணக்கைத் திருப்பிப் பார்த்தபோது, விவசாயத்தின் பங்கு இறங்கி நஷ்டத்தின் பங்கு ஏறியது. அதுவரை பழி மட்டும் விவசாயி தலையில்.

இதை எல்லாம் என் மைத்துனரிடம் சொன்னேன். அவர் நிதானமாகக் கேட்டார்.

"மாமா, இன்னைக்கு மீட்டர் வரும். நாளைக்கு பில்லு வரும். நாளன்னிக்கு ஃபியூஸைப் பிடுங்க ஆள் வருவான். வரமாட்டான்னு நீங்க எழுதித் தருவீங்களா?"

என்னால் எழுதித் தர முடியவில்லை. 2020 செப்டம்பரில் ஆந்திர அரசு பம்ப்செட்டுகளுக்கு மீட்டர் வைக்க உத்தரவு போட்டது. பணத்தை அரசே விவசாயியின் கணக்கில் போடும், அதிலிருந்து பில் கட்டப்படும் என்றார்கள். ஸ்ரீகாகுளத்தில் ஆரம்பித்தார்கள். எங்கள் பக்கத்தில் டீக்கடைக்கு டீக்கடை இதே பேச்சுதான், அதில் பாதிப்பேர் என் மைத்துனர் கேட்டதையே கேட்டார்கள். மீட்டரைத் தேர்தல் மேடைக்கு இழுத்த எந்தக் கட்சியும், வைக்கச் சொன்னவர்களும் சரி, உடைக்கச் சொன்னவர்களும் சரி, அந்தக் கேள்விக்கு நம்பும்படி பதில் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

மாதம் ஒரு சனிக்கிழமை திருப்பதிக்குப் பஸ் ஏறுவேன். வழியில் காதங்கி வரும். அங்கே வானிலை ஆராய்ச்சி ரேடாருக்காக 1,024 ஆன்டெனாக்களை வரிசையாக நட்டு, கண்ணுக்குத் தெரியாத மேல்காற்றை அளக்கிறார்கள். திருமலையில் 2002இல் 106 சூரியக் கிண்ணங்களை வைத்து நீராவி எடுத்து, ஒரு நாளில் 15,000 பேருக்குச் சமைக்கலாம் என்று கணக்குச் சொன்னார்கள். காற்றுக்குக் கணக்கு, வெயிலுக்குக் கணக்கு. இரண்டுக்கும் நடுவில் எங்கள் மாந்தோப்பில் ஓடும் மோட்டாருக்கு மட்டும் கணக்கில்லையே என்று நினைத்துக்கொண்டே இறங்குவேன்.

கடைசியில் நாங்கள் இருவரும் ஒரு உடன்படிக்கைக்கு வந்தோம். சித்தூர் பஜாரில் சப்-மீட்டர் ஒன்று வாங்கி, ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில் நானே நிற்க, எலக்ட்ரீஷியன் மாட்டினார். அது எங்களுக்கு மட்டும். நோட்டு யார் கண்ணிலும் படக்கூடாது. ஊர்ப்பெயர் ரகசியம் இதனால்தான்.

7.5 குதிரைத் திறன் மோட்டார், ஒன்பது மணி நேரம் ஓடினால் 50 யூனிட்டுக்கு மேல் காட்டியது. அத்தோடு 200 லிட்டர் பேரல் ஒன்று நிரம்பும் நேரத்தையும் எழுதச் சொன்னேன். ஜனவரியில் இரண்டரை நிமிஷம். மே மாதம் நான்கு நிமிஷத்தைத் தாண்டியது, யூனிட் ஏறக்குறைய அதேதான். அந்த இரண்டு எண்களையும் பார்த்துவிட்டு அவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த பட்டத்தில் கரும்பை ஒரு ஏக்கராகக் குறைத்து, மாமரத்துக்குச் சொட்டுநீர்க் குழாய் போட்டார்.

அரசாங்க மீட்டரைப் பற்றிக் கேட்டால் இன்னும் வேண்டாம் என்றுதான் சொல்கிறார். ஆனால் சாயங்காலம் ஏழு மணிக்கு எனக்கு போன் வருவது நிற்கவில்லை.

"மாமா, எழுதிக்குங்க. இன்னைக்கு முப்பத்தெட்டு."