பங்களாவுக்குக் கதை இருக்கு, லயத்துக்கு?

பொகவந்தலாவைப் பக்கம் உள்ள டியன்சின் பங்களா 1888இல் கட்டப்பட்டது. இலைத்துரு நோயில் கோப்பி அழிஞ்சு, தேயிலை காசு கொட்டத் தொடங்கிய காலம். இன்னைக்கு அது சிலோன் டீ ட்ரெயில்ஸ் நடத்தும் ஆடம்பர விடுதி. போய்ப் பார்த்தவங்க 'விக்டோரியா காலத்து அழகு'ன்னு எழுதுறாங்க. அழகுதான், அதில் எனக்குச் சண்டை இல்லை.

ஆனா திம்புள்ளப் பக்கத்துப் பழைய பங்களாக்களை ஒரு கட்டடமா மட்டும் பார்க்க முடியாது. இங்கிலாந்துக் குளிரை நினைச்சுக் கட்டின கணப்பு, ஒல்லாந்தர் விட்டுப்போன சொல்லான இஸ்தோப்பு, வங்காளத்தில் இருந்து வந்த 'பங்களா' என்ற பேரு. எல்லாம் கலந்த வீடு. அது நிற்கிற இடத்தைப் பாருங்க: பெரும்பாலும் மேட்டில், தோட்டத்தைப் பார்த்தபடி. துரைக்கு முன்வாசல்; அப்புவுக்கும் தோட்டக்காரனுக்கும் பின்பக்கம். குசினி தள்ளி இருக்கும், வேலைக்காரர் நடமாட்டம் விருந்தாளி கண்ணில் படக்கூடாதே! யார் எங்கே நிற்கணும்னு சுவரே சொல்லிரும்.

கீழே லயம். 10க்கு 12 அடி காம்பரா ஒன்றில் ஒரு குடும்பம். இரட்டை லயம்னா முதுகோடு முதுகு ஒட்டியிருக்கும், பின்பக்கம் ஜன்னலே கிடையாது. கூரை ரெண்டுக்கும் தகரம்தான். பங்களாவில் தகரத்துக்குக் கீழே பலகை அடிச்சிருக்கும். லயத்தில் தகரத்துக்குக் கீழே நாங்க.

லயத்தை இடிக்கணும், ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொந்தக் காணியில் வீடு வேணும். அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனா எல்லாத்தையும் இடிச்சுட்டு பங்களாவை மட்டும் மரபுச் சொத்துன்னு வச்சிருந்தா, இன்னும் ஐம்பது வருஷத்தில் இந்த மலையில் துரைமார் மட்டும்தான் வாழ்ந்தாங்கன்னு ஆகிடும். கம்பளைப் பக்கம் பழைய லயம் ஒன்றை தொழிலாளர் அருங்காட்சியகமா ஆக்கியிருக்காங்க. திம்புள்ளயிலும் ஒரு வரிசையாவது அப்படி நிற்கணும், ஆட்கள் நல்ல வீட்டுக்குப் போன பிறகு.

பங்களாவை விடுதியாக்கிச் சம்பாதிக்கிறவங்களிடம் கேட்க ஒன்று இருக்கு. சுவரில் துரைமார் படம் மாட்டுறீங்க. கல் சுமந்தவங்க, விறகு பிளந்தவங்க, துரைப் பிள்ளைகளைத் தூக்கி வளர்த்த ஆயாக்கள் பேரையும் மாட்டுங்க. எந்தத் தோட்டத்து ஆபீஸ் அலுமாரியிலாவது பழைய செக்ரோல் கிடந்தா, கரையான் தின்னுறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்து வைங்க.