பிரின்ட்_ஆரா, வார்_டம்ப்பா?

பி.காம். படிக்கிறவனுக்கு பி.எச்.பி. எதற்கு என்று கேட்காதீர்கள். திருப்பூரில் நூல் எத்தனை கிலோ, கட்டிங் எத்தனை பீஸ், செக்கிங்கில் கழிந்தது எத்தனை என்று எல்லாமே கணக்குதான். அந்தக் கணக்கைப் போடும் புரோகிராம் தப்பாக ஓடினால், வேரியபிளுக்குள் என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்க வேண்டும். அதற்கு பி.எச்.பி.யோடு கூடவே வரும் ஃபங்ஷன்கள் மூன்று: பிரின்ட்_ஆர், வார்_டம்ப், வார்_எக்ஸ்போர்ட்.

நிறையப் பேர் பிரின்ட்_ஆர் கட்சி. பார்க்கச் சுத்தமாக இருக்கும், உண்மைதான். நான் வார்_டம்ப் கட்சி. காரணம் சொல்கிறேன்.

ஒரு பண்டலின் செக்கிங் கணக்கு இன்னும் வரவில்லை என்றால் அங்கே 'நல்' இருக்கும். கணக்கை எடுக்கும்போதே கோளாறு என்றால் 'ஃபால்ஸ்' இருக்கலாம். யாராவது கட்டத்தை நிரப்பாமல் விட்டிருந்தால் வெற்று ஸ்ட்ரிங். இந்த மூன்றுக்குமே பிரின்ட்_ஆர் ஒன்றும் காட்டாது. பார்க்கிறவர் 'கழிவு இல்லை' என்று எடுத்துக்கொண்டால் பெட்டியில் பீஸ் குறையும். பையருக்குப் பதில் சொல்ல வேண்டியது கம்பெனி. வார்_டம்ப் மூன்றையும் தனித்தனியாகப் பெயர் சொல்லிக் காட்டிவிடும்.

எக்ஸெல்லிலிருந்து எடுத்துப் போட்ட சைஸுக்குப் பின்னால் ஒரு ஸ்பேஸ் ஒட்டிக்கொண்டு வந்தால், புரோகிராமுக்கு அது வேறு சைஸ். பிரின்ட்_ஆரில் அது கண்ணுக்கே தெரியாது. வார்_டம்ப்போ நீளத்தையும் சேர்த்துச் சொல்வதால் ஒன்று கூடியிருப்பது தெரிந்துவிடும். தமிழில் மட்டும் உஷார்: அது எண்ணுவது பைட்டை, எழுத்தை அல்ல. யூ.டி.எஃப்-8ல் 'திருப்பூர்' என்ற 5 எழுத்துக்கு 30 என்று வரும். பயப்பட வேண்டாம்.

பைசா விஷயத்துக்கு வருவோம். 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் பிரின்ட்_ஆர் 0.3 என்று சமாதானம் சொல்லும். பி.எச்.பி. 7.1 முதல் வார்_டம்ப் 0.30000000000000004 என்று உள்ளதைச் சொல்கிறது. டேலி ஆகாத பைசா எங்கே ஒளிந்திருக்கிறது என்று புரிகிறதா?

அப்படியானால் வார்_எக்ஸ்போர்ட் எதற்கு? அது தருவது அப்படியே ஓடக்கூடிய பி.எச்.பி. கோட். இரண்டாவதாக 'ட்ரூ' கொடுத்தால் திரையில் காட்டாமல் ஸ்ட்ரிங்காகத் திருப்பித் தரும். லாக் ஃபைலில் எழுதிவைக்க ரொம்ப வசதி. மக்கள் பார்க்கும் தளத்தில் வார்_டம்ப்பை மறந்து விட்டுவைத்தால் உங்கள் ரேட்டெல்லாம் ஊரார் கண்ணில் படும்.

ஆகவே, கற்றுக்கொடுக்கிறவர்கள் வார்_டம்ப்பில் தொடங்கட்டும். காலிக் கட்டமும் பூஜ்யமும் ஒன்றல்ல என்பது கணக்கு எழுதுகிற யாருக்கும் தெரியும். கோட் எழுதுகிறவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டாமா?