புகைப்படத்துக்குப் பின் வந்த முகங்கள்

ஜப்பானிய மரக்கட்டை அச்சோவியம் என்றதும் எடோ காலத்தோடு நின்றுவிடுவது நமக்கு வழக்கமாகிவிட்டது. 1794-95இல் சுமார் பத்தே மாதங்கள் இயங்கி மறைந்த ஷராகுவின் கபூக்கி நடிகர்களைக் கொண்டாடுகிறோம். இருபதாம் நூற்றாண்டின் நடிகர் படங்களையோ, அயல்நாட்டுச் சேகரிப்பாளருக்காகச் செய்யப்பட்ட அழகுச் சரக்கு என்று ஒதுக்கிவிடுகிறோம். இவ்வொதுக்கல் நியாயமற்றது என்பதே நம் கருத்து.

எடோ கால நடிகர் படமும் சரக்காகப் பிறந்ததுதான். அரங்கில் பார்த்த நடிகரை ரசிகர் மலிவு விலையில் வீட்டுக்கு எடுத்துச் செல்லப் பதிப்பாளர் முதல் போட்டார். ஓவியர் வரைந்தார், ஒருவர் செதுக்கினார், இன்னொருவர் அச்சிட்டார். சந்தைக்காகச் செய்தது குற்றமென்றால் ஷராகுவும் குற்றவாளியே.

மெய்ஜி காலத்தில் இவ்வேலையைப் புகைப்படம் பறித்துக்கொண்டது. நடிகர் படங்களில் தேர்ந்த குனிசிகா 1900இல் மறைந்தார். முகத்தைக் கருவியே பிடித்துத் தரும்போது மரக்கட்டை எதற்கு என்ற கேள்வி பின்வந்தவர்கள்முன் நின்றது.

நதோரி ஷுன்சென் அதற்கு அளித்த விடை கவனத்துக்குரியது. பதிப்பாளர் வதனபே ஷோசபுரோவுக்காக 1916இல் அவர் வரைந்த முதலாம் நகமுரா கஞ்சிரோவின் படத்தையும், 1925 முதல் 1929 வரை வெளிவந்த 36 படங்களின் தொகுதியையும் காண்க. 1923 நிலநடுக்கத்தில் வதனபேயின் கடையும் கட்டைகளும் அழிந்த பின்னர் உருவான தொகுதி அது. புகைப்படத்தில் அரிதாரத்துக்குள் ஒரு மனிதர் தெரிகிறார். ஷுன்செனின் கோட்டிலோ நடிகரும் பாத்திரமும் ஒரே முகத்தில் குடியிருக்கிறார்கள். பெண் வேடமிட்ட ஆணின் தாடைக் கோடு மறைக்கப்படுவதுமில்லை, துருத்தி நிற்பதுமில்லை.

ஷராகுவின் இரக்கமற்ற கூர்மை ஷுன்செனிடம் இல்லை என்பது உண்மையே. அவர் நடிகரைக் கனிவோடு பார்ப்பவர். ஆனால் கனிவு ஒரு பார்வை. அதைச் சந்தைக்கான சமரசம் என்று எளிதில் சொல்லிவிடலாகாது. 1930இல் அமெரிக்காவின் டொலீடோ அருங்காட்சியகம் இப்புதிய அச்சோவியங்களைக் காட்சிக்கு வைத்தது என்பதனாலேயே, அவை அமெரிக்கருக்காக மட்டும் வரையப்பட்டவை ஆகிவிடா.

கூர்மை வேண்டுவோருக்குத் த்சுருயா கோகெய் இருக்கிறார். 1978 முதல் 2000 வரை தோக்கியோவின் கபூக்கி-சா அரங்க நடிகர்களை, வரைதல், செதுக்கல், அச்சிடல் மூன்றையும் தாமே செய்து, மிக மெல்லிய தாளில் பதித்தார். பிதுங்கும் விழியும் கோணும் வாயும் கேலியின் விளிம்பைத் தொடுகின்றன. ஆயினும் நடிகரின் மாண்பு குறைவதில்லை.

ஆகவே இக்கலைக்கு இரங்கற்பா எழுதும் அவசரம் வேண்டாம். ஷராகுவுக்கு அருகில் ஷுன்செனையும் கோகெயையும் வைத்துப் பாருங்கள். பழமையை அளவுகோலாக்கியதால் எத்தனை முகங்களைப் பாராமலே கடந்துவிட்டோம் என்பது புரியும்.