ஊர்வதெல்லாம் பூச்சியா?

“பவளத்தில் ஏதாவது ஊர்ந்தால் அது பூச்சிதான். மருந்துத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கினால் தீர்ந்தது.” கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்களிடம் வேரூன்றிப்போன நம்பிக்கை இது. பவளத்தையே கொல்லும் நம்பிக்கை.

சிங்கப்பூரில் இருக்கும் என் அக்கா மகன் போன மாதம் வீடியோவில் ஒரு நண்டைக் காட்டினான். கிளைப்பவளத்தின் இடுக்கிலிருந்து பிடுங்கியது. கட்டைவிரல் நக அளவு, வழவழ முதுகு. “பூச்சியைப் பிடிச்சிட்டேன் மாமா” என்றான். அது டிரபீசியா நண்டு. பவளம் சுரக்கும் சளியைத் தின்று அங்கேயே குடியிருக்கும். படியும் மண்ணைத் தள்ளும். கடலில் பவளந்தின்னி நட்சத்திர மீன் ஏறவந்தால் முள்ளையும் குழாய்க்காலையும் நறுக்கி விரட்டும். காவல்காரனைத் தூக்கி வெளியே போட்டுவிட்டான் பிள்ளை. உடனே திரும்ப விடச் சொன்னேன்.

உண்மையான பகை எளிதில் கண்ணில் படாது. அக்ரோபோரா பவளத்தைத் தின்னும் தட்டைப்புழு, பவளத்தின் நிறத்திலேயே ஒட்டிக் கிடக்கும். வெளிறிய சிறு வட்டத் தழும்புகள்தான் தடயம். முக்கினால் புழு உதிரும். அடித்தண்டின் செத்த பகுதியில் இட்ட முட்டைக்கு ஒன்றும் ஆகாது. முட்டையைச் சுரண்டி எடுத்து, பொரிந்து வருவனவற்றுக்காக மறுபடி மறுபடி முக்க வேண்டும். இன்னொரு பகையான ஐப்டேசியா என்னும் கடல் அனிமோனைக் கிள்ளி எறிந்தாலோ, மிஞ்சிய துணுக்கிலிருந்து புதிதாக முளைக்கும். இத்தனைக்கும் ஒரே மருந்து எப்படிப் பொருந்தும்?

எங்கள் திருவாலங்காட்டில் கடல் இல்லை. கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் கரும்பும் உண்டு. கரும்பில் இடைக்கணுப்புழுவைத் தடுக்க டிரைக்கோகிரம்மா அட்டையைத் தோகையில் கட்டுவார்கள். அட்டையிலிருந்து வருவதும் பூச்சிதான். புழுவின் முட்டைக்குள் தன் முட்டையை இட்டு அதை அழிக்கும் குட்டிக் குளவி. அதன்மேல் மருந்தடிப்பாரா கரும்புக்காரர்?

இந்தியாவில் கல்பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001 முதல் இருக்கிறது. அதைக் கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் குற்றம். ஆகவே நம் வீட்டுத் தொட்டியில் அதற்கு இடமில்லை. ஆனால் பகையைத் தவறாகக் கணிப்பதன் விலையை நம் கடலும் கொடுத்திருக்கிறது. வருமானம் தரும் பயிரென்று மண்டபம் கரையில் வளர்த்த கப்பாஃபைகஸ் பாசி, குருசடைத் தீவின் உயிர்ப்பவளத்தைப் போர்த்தி மூச்சுமுட்ட வைத்தது 2008-இல் வெளியில் தெரிந்தது. வனத்துறை அதைக் கையால் பிய்த்து அகற்ற வேண்டியிருந்தது. துணுக்கு மிஞ்சினால் அதுவும் தழைக்கும்.

நண்டைப் பகை என்றோம், பாசியைத் துணை என்றோம். இரண்டிலும் அடிபட்டது பவளம். பூதக்கண்ணாடியால் பார்க்கப் பொறுமை இல்லாதவர் மருந்துப் புட்டியைத் தொடவே கூடாது.