கத்தியோடு முடிவதில்லை கடமை

திருநங்கை என்ற சொல்லைப் புழக்கத்திற்குக் கொண்டுவந்த பெருமிதம் நமக்கு உண்டு. 2008இல் தமிழக அரசு அவர்களுக்கென நலவாரியம் அமைத்தது; அரசு மருத்துவமனைகளில் பாலின உறுதிப்பாட்டு அறுவை சிகிச்சைக்கும் வழி பிறந்தது. நல்லது. ஆனால் அறுவைக்குப் பின்னும் அந்த உடல் வாழ்கிறது, நோயுறுகிறது என்பதை மட்டும் வசதியாக மறந்துவிட்டோம்.

பிறப்புறுப்பு மருக்களையே எடுத்துக்கொள்வோம். ஹெச்பிவி வைரஸால் வருபவை இவை. பத்தில் ஒன்பதுக்கு அதன் 6, 11 ஆகிய வகைகளே காரணம். நீக்கிவிடலாம், மீண்டும் முளைக்கவும் கூடும். அறுவையால் அமைத்த யோனிக்குள்ளும், ஆண்டுகள் பல கடந்தும், இவை தோன்றுகின்றன.

அந்த யோனி பெரும்பாலும் ஆண்குறித் தோலை உட்புறம் திருப்பி அமைக்கப்படுவது. சிலருக்குப் பெருங்குடலின் ஒரு பகுதியால். முன்னது தோல், பின்னது சளிச்சவ்வு. வெளித்தோலுக்கான மருந்தை யோசியாமல் உள்ளே தடவினால் புண்ணாகும். உறையவைக்கும் கருவிமுனையை உள்ளே வைத்தால் சுவர் துளைபடும் அபாயம் உண்டு. அறுவைத் தழும்பில் வளரும் சதைத்துணுக்கை மரு என்று மயங்கவும் இடமுண்டு. தாயம்மா கையால் ‘நிர்வாணம்’ செய்துகொண்டவர்களுக்கோ யோனியே அமைக்கப்படுவதில்லை. சிறுநீர்த் துளையருகே தேட வேண்டும். எந்த அறுவை என்று கேளாத மருத்துவர் எதைக்கொண்டு மருந்தைத் தேர்வார்?

2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, திருநர் உடல்நலத்திற்கேற்ப மருத்துவப் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்யச் சொல்கிறது. மேற்சொன்னவை மாணவர் தேர்வெழுதும் பாடமாக ஆகாதவரை அப்பிரிவு வெறும் அலங்காரம். 6, 11 வகைகளையும் தடுக்கும் இந்தியத் தடுப்பூசிக்கு 2022இல் அனுமதி கிடைத்தது. உரிய வயதினருக்கு அறுவைக்கு முன்பே அதை வழங்குவதில் என்ன தடை?

‘இலக்கியத் தளத்தில் மருவுக்கு என்ன வேலை?’ என்று சிலர் முகம் சுளிக்கலாம். சித்திரைதோறும் கூவாகத்தின் தாலியையும் ஒப்பாரியையும் படிமமாக்கிக் கொள்கிற நமக்கு, அதே உடலின் வலி மட்டும் அருவருப்பாகிவிடுகிறதா? பாலுறவில் ஈடுபடும் எவருக்கும் தொற்றக்கூடிய வைரஸ் இது. திருநங்கைக்கு வந்தால் மட்டும் அதை ஒழுக்கத்தின் சாட்சியாகப் படிக்கிறோம். அப்படிப் படிக்கப்படுபவர் எப்படி வாய்திறந்து நோயைச் சொல்வார்? மருத்துவரிடம் கூசாமல் சொல்லத்தக்க சொற்களைத் தருவது தமிழ் படித்தவர்களின் வேலை. பெயர் சூட்டியதோடு அந்த வேலை முடிந்துவிடவில்லை.