ஆள்பவரோடு மட்டும் பேசினால் போதுமா?

1986 ஜூலை. சிலியின் தலைநகர் சான்டியாகோவில் ரோட்ரிகோ ரோஹாஸ் என்ற 19 வயது புகைப்படக் கலைஞரின் இறுதி ஊர்வலம். அவரையும் கார்மன் குளோரியா கின்டானா என்ற மாணவியையும் ராணுவ ரோந்துப் படையினர் பிடித்து, எரிபொருளை ஊற்றிக் கொளுத்தியிருந்தனர். கின்டானா பிழைத்துக்கொண்டார். ரோஹாஸ் நான்கு நாட்களில் இறந்துபோனார். சர்வாதிகாரி பினோசேயின் போலீஸ் ஊர்வலத்தின் மீதும் கண்ணீர்ப்புகை வீசியது. வந்திருந்தவர்களில் அமெரிக்கத் தூதர் ஹாரி பார்ன்ஸும் அவர் மனைவியும் இருந்தார்கள்.

பார்ன்ஸ் மீது பாய்ந்தவர் பினோசே மட்டுமல்ல. அந்த நாட்களில் சிலிக்கு வந்திருந்த அமெரிக்க செனட்டர் ஜெஸ்ஸி ஹெல்ம்ஸ், தன் நாட்டுத் தூதரையே பகிரங்கமாகத் திட்டித் தீர்த்தார். கம்யூனிஸ்ட்டுகளின் கூட்டத்தில் தூதருக்கு என்ன வேலை என்பது அவர் வாதம்.

வேலை இருந்தது. 1985 இறுதியில் பார்ன்ஸ் சான்டியாகோவுக்கு வந்தபோது, அந்தத் தூதரகத்தைப் பினோசேக்கு நெருக்கமான இடமாகவே ஊர் பார்த்தது. 1973-ல் அதிபர் அலெண்டேயின் ஆட்சி கவிழ்வதற்கான சூழலை உருவாக்கியதில் அமெரிக்காவின் பங்கைச் சிலி மக்கள் மறந்திருக்கவில்லை. பார்ன்ஸ் நியமனப் பத்திரத்தைக் கொடுத்த அன்றே, ஜனநாயகத்தின் குறைகளுக்குக் கூடுதல் ஜனநாயகமே மருந்து என்ற பொருளில் பேசி பினோசேயின் முகத்தைச் சுளிக்க வைத்தார். அதன்பின் எதிர்க்கட்சியினர், மனித உரிமை அமைப்பினர், தேவாலயத்தார் என்று பலரையும் ஒளிவுமறைவில்லாமல் சந்தித்தார்.

இந்தியாவுக்கு அவர் அந்நியர் அல்ல. அவருடைய பணி வாழ்க்கை பம்பாயில்தான் தொடங்கியது. 1981 முதல் 1985 வரை டெல்லியில் தூதராக இருந்தார். இந்திரா காந்தி படுகொலை செய்யப்பட்டதும் ராஜீவ் காந்தி பதவிக்கு வந்ததும் அந்தக் காலத்தில்தான். அதற்கு முன்பு ருமேனியாவில் பணியாற்றியபோது, அவருடைய காலணியின் குதிகாலுக்குள்ளேயே உளவுத் துறை ஒட்டுக்கேட்கும் கருவியைப் பொருத்தியிருந்தது. சந்தேகம் பிடித்த அரசுகளோடு பழகிப் பழகித் தேறியவர் என்று சொல்லலாம்.

எல்லாத் தரப்பையும் சந்தித்துப் பேசிய பழக்கத்தின் பலன் 1988-ல் தெரிந்தது. பினோசே இன்னும் எட்டு ஆண்டுகள் நீடிக்கலாமா என்று அக்டோபர் 5-ல் பொது வாக்கெடுப்பு. அதற்குச் சில நாட்கள் முன்பு, முடிவு பாதகமானால் கலவரத்தைக் கிளப்பி வாக்கெடுப்பையே குலைக்கப் பினோசே தரப்பு திட்டமிட்டிருப்பதாகத் தூதரகத்துக்குத் தகவல் கிடைத்தது. பார்ன்ஸ் வாஷிங்டனுக்கு அவசரத் தந்தி அனுப்பினார். அமெரிக்க அரசு சிலியின் தூதரை அழைத்து எச்சரித்தது. ‘வேண்டாம்’ என்ற தரப்பு ஏறக்குறைய 56 சதவீத வாக்குகளைப் பெற்றது. அன்றிரவு அதை முதலில் ஒப்புக்கொண்ட ராணுவ ஆட்சிக் குழு உறுப்பினர், விமானப் படைத் தளபதி மத்தேய். பினோசேயை இறக்கியது சிலி மக்களின் வாக்குதான். ஆனால், அரண்மனையோடு மட்டும் உறவு வைத்திருந்த தூதரகத்துக்கு அந்த எச்சரிக்கைத் தகவல் வந்து சேர்ந்திருக்காது.

இது உள்நாட்டு விவகாரத்தில் தலையிடுவதாகாதா? நியாயமான கேள்வி. தூதரக உறவுகளுக்கான 1961 வியன்னா உடன்படிக்கையின் 41-வது பிரிவு தலையிடக் கூடாது என்கிறது. அதே உடன்படிக்கையின் 3-வது பிரிவு, சட்டபூர்வமான எல்லா வழிகளிலும் நாட்டின் நிலவரத்தை அறிந்து தன் அரசுக்குச் சொல்வது தூதரின் கடமை என்கிறது. பார்ன்ஸ் சில நேரம் கோட்டின் மேலேயே நடந்தார் என்பதும் உண்மை. வாக்காளர் விழிப்புணர்வுப் பணிக்கு அமெரிக்கப் பணம் போனதை இன்றும் குறை சொல்ல முடியும். ஆனால் எதிர்த்தரப்போடு பேசியதைக் குற்றமாகச் சொல்ல முடியாது.

பேசாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஈரான் இருக்கிறது. மன்னர் ஷா கோபித்துக்கொள்வார் என்று அமெரிக்கத் தூதரகம் அவருடைய எதிரிகளிடமிருந்து பல ஆண்டுகள் விலகியே இருந்தது. ஷா விழக்கூடும், மாற்று ஏற்பாட்டை யோசியுங்கள் என்று தூதர் வில்லியம் சல்லிவன் 1978 நவம்பர் 9-ல் தந்தி அனுப்பியபோது காலம் கடந்திருந்தது. அந்தத் தந்தியும் வாஷிங்டனில் எரிச்சலைத்தான் கிளப்பியது. 1979 ஜனவரியில் ஷா நாட்டைவிட்டு வெளியேறினார். நவம்பரில் தூதரகமே பறிபோனது. 52 பேர் 444 நாட்கள் பிணைக்கைதிகளாக இருந்தார்கள். தலைநகரம் கேட்க விரும்பாததை எழுதுகிற தூதருக்கு எந்த நாட்டிலும் பதவி உயர்வு எளிதில்லை.

இந்தியாவுக்கு இது தூரத்துக் கதை அல்ல. 2024 ஆகஸ்ட் 5-ல் பதவி விலகிய பிரதமர் ஷேக் ஹசீனா டாக்காவிலிருந்து ஹிண்டன் விமானத் தளத்தில் வந்து இறங்கியபோது, வங்கதேசத்தில் இந்தியாவின் நெடுநாள் முதலீடு ஏறக்குறைய முழுவதும் ஒரே தலைவரின் கணக்கில் இருந்தது தெரிந்தது. மறுதரப்பும் குற்றமற்றதல்ல. 2013-ல் டாக்கா சென்ற குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜியைச் சந்திக்க ஒப்புக்கொண்டிருந்த எதிர்க்கட்சித் தலைவர் காலிதா ஜியா, முழு அடைப்பைக் காரணம் காட்டித் தவிர்த்தார். அதற்காக அந்தக் கதவைத் தட்டுவதை நிறுத்தியிருக்க வேண்டியதில்லை.

கொழும்பு, காத்மாண்டு, டாக்கா மூன்றுமே சில ஆண்டுகளுக்குள் தெருவின் கோபத்தில் ஆட்சி மாறியதைப் பார்த்துவிட்டன. அங்கு அனுப்பப்படும் அதிகாரிகளுக்கு உள்ளூர் மொழி சரளமாக வர வேண்டும். மாணவர் சங்கம் முதல் மதத் தலைவர்கள் வரை அறிமுகம் வேண்டும். கசப்பான அறிக்கையை எழுதினால் பதவி உயர்வு கெடாது என்ற உறுதியும் வேண்டும். முதலிரண்டையும் அதிகாரிகள் உழைத்துப் பெற்றுக்கொள்வார்கள். மூன்றாவதை வெளியுறவு அமைச்சகம்தான் தர வேண்டும்.