அக்கி வராது என்று ரத்தப் பரிசோதனை சொல்லுமா?

தேனி மாவட்டம் பொட்டிப்புரம் போன்ற ஊர்களில் யாருக்காவது சின்னம்மை கண்டால் வாசலில் வேப்பிலை செருகுவார்கள். அந்த வீட்டுக் கர்ப்பிணிக்கு முன்பு அம்மை வந்ததாக நினைவில்லையா? உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். ‘வேரிசெல்லா ஐஜிஜி’ ரத்தப் பரிசோதனையில் பாசிட்டிவ் என்றால் பெரும்பாலும் பயமில்லை. நெகட்டிவ் என்றால், தொற்று நெருங்கிய 10 நாள்களுக்குள் இம்யூனோகுளோபுலின் ஊசி போட வாய்ப்பிருக்கிறது. சின்னம்மைத் தடுப்பூசியைக் கர்ப்ப காலத்தில் போடக் கூடாது.

ஆனால், அதே பாசிட்டிவ் ரிசல்ட் ‘அக்கி வராது’ என்பதற்கு உத்தரவாதம் அல்ல. சின்னம்மை ஆறிய பிறகும் அந்த வைரஸ் நரம்பு முடிச்சுகளில் உறங்கிக் கிடக்கும். அதை முக்கியமாக அடக்கிவைப்பவை டி செல்கள். அவற்றை இந்தப் பரிசோதனை அளப்பதில்லை. 50 வயதைத் தாண்டியவர்கள் அக்கித் தடுப்பூசி பற்றி டாக்டரிடம் கேட்கலாம். ஒரு பக்கமாக எரிச்சலுடன் கொப்புளம் வந்தால், காவியில் அக்கி எழுதிவிட்டுக் காத்திருக்காமல், 72 மணி நேரத்துக்குள் சிகிச்சையைத் தொடங்குவது நல்லது.